கொதித்து ஆறிய தண்ணீர்

நம் வயதுக்காரர்கள் யாராவது வீட்டில் மீன் தொட்டி வைத்திருந்தால், தயவுசெய்து என்னை உள்ளே கூப்பிடாதீர்கள். இஸ்தோப்பிலேயே ஒரு நாற்காலி போட்டுத் தேத்தண்ணீரை அங்கேயே கொடுத்துவிடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் வாயைத் திறந்து திறந்து மூடுகிற தங்கமீன்களைப் பார்த்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். அறுபதைத் தாண்டியவளுக்கு இதென்ன பிகு என்று கேட்பீர்கள். பிகு இல்லை. காரணம் இருக்கிறது.

போன மாதம் ஹட்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறையில் புதுத் தொட்டி. வாங்கி இரண்டு வாரத்துக்குள் ஏழு மீனில் மூன்று செத்துவிட்டனவாம். மீனை விற்ற கடைக்காரரையே மகன் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தான். அவர் தொட்டியை மோந்து பார்த்தார். தண்ணீரில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு என் மருமகளிடம் பொலிஸ்காரர் மாதிரி ஒவ்வொன்றாக விசாரித்தார். எத்தனை வேளை சாப்பாடு? எப்போது தண்ணீர் மாற்றினீர்கள்? எவ்வளவு மாற்றினீர்கள்? எந்தத் தண்ணீர்?

"பைப்புத் தண்ணியில மருந்து வாசம் அடிக்குதுங்க. அதனால சுட வச்சு, ஆற வச்சு ஊத்துனேன். தொட்டியையும் சவுக்காரம் போட்டு நல்லா தேச்சுத்தான் கழுவுனேன்" என்றாள் மருமகள் பெருமையாக.

கடைக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அதாங்க செத்துருக்கு. கொதிக்க வச்சா தண்ணியில உள்ள காத்தெல்லாம் போயிருமே. மீனு எதை மூச்சா இழுக்கும்? பச்சத் தண்ணிய வாளியில ஒரு நாள் வச்சிருந்து, கால்வாசி கால்வாசியா மாத்துங்க. உள்ளுக்கு வழவழன்னு படிஞ்சிருக்கே, அது அழுக்கு இல்லீங்க. அதுதான் தண்ணியக் கெடாம வச்சிருக்கு. சவுக்காரத்தக் கிட்டவே காட்டாதீங்க. மேல வந்து வாயத் தொறந்தா பசின்னு நெனைக்காதீங்க. மூச்சு முட்டுதுன்னு அர்த்தம்."

நான் எழுந்து குசினிக்குப் போய் அடுப்படியில் நின்றுகொண்டேன். சீனி கூடிவிட்டதோ என்று மகன் பதறிக்கொண்டு பின்னால் வந்தான். சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை. இத்தனை வருஷமாகத் தெரியாத மாதிரி நான் நடித்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை அந்த மனிதர் அரை நிமிடத்தில் போட்டு உடைத்துவிட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் பெரிய கிளாக்கர். அந்த மாதிரி வீடுகள் உங்களுக்குத் தெரிந்ததுதான்: தகரக் கூரை, முன்னால் ரோஜாச் செடிகள், எட்டிப் பார்த்தால் பள்ளத்தில் வரிசையாகத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள். லயத்துப் பிள்ளைகளோடு விளையாடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஏன் என்று கேட்டால் "சுத்தம் சோறு போடும்" என்பார் அம்மா. அவருடைய பைபிளில் அதுவும் ஒரு வசனமாக இருந்ததோ என்னவோ.

வீட்டு வேலைக்கு லயத்திலிருந்து ஒருவர் வருவார். அவரை நாங்கள் குடத்துக்காரி என்றுதான் கூப்பிட்டோம். என் அம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரை "ஏ குடத்துக்காரி, இங்க வா" என்பேன். அவர் என்னை "என்னங்க பாப்பா" என்பார். ஒன்பது வயதுக் கழுதைக்கு 'ங்க' ஒரு கேடு! இதை எழுதும்போதே என் நாக்கை இழுத்து வைத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

அதற்கு இரண்டு வருஷம் முன் கொழுந்துக் கூடையோடு மழையில் சறுக்கி விழுந்து அவருக்கு இடது முழங்கால் பிசகியிருந்தது. அதன் பிறகு அது சரியாக மடங்கவில்லை. மலை ஏற முடியாது. ஏறாவிட்டால் தோட்டத்தில் பேர் விழாது, அன்றைய கூலியும் கிடையாது. அப்பாதான் கந்தோரில் பேசி, எங்கள் வீட்டில் வேலை செய்தாலே அவருக்கு அன்றைய பேர் விழும்படி செய்திருந்தார். எங்கள் வீடு இருக்கும்வரை அவருக்கு மலை இல்லை. எங்கள் கதவு சாத்தினால் மறுநாளே கூடையைக் கட்டிக்கொண்டு அந்தக் காலோடு ஏற வேண்டும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் நன்றாகத் தெரியும்.

துணி துவைக்கவும் ரோஜாவுக்கு ஊற்றவும் லயத்துப் பீலியிலிருந்து அவர் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவருவார். மேலே ஓடையிலிருந்து குழாய் வழியாக வந்து இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும் பீலி அது. லயத்து ஜனங்களின் குடிநீரும் குளியலும் எல்லாம் அதில்தான். எங்கள் வீட்டுக்குத் தனிப் பைப்பு. பீலித் தண்ணீர் எங்கள் வீட்டுக் குசினிப் படியைத் தாண்டக் கூடாது.

அந்த மழைக்காலத்தில்தான் கொழும்பிலிருந்து மாமா வந்தார். நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கும்போது ஒரு கையில் பெட்டி, மறு கையில் தண்ணீர் நிறைந்த பொலித்தீன் பை. பைக்குள் எட்டுத் தங்கமீன்கள். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தி ஓரமெல்லாம் தார் பூசிய ஒரு தொட்டியைச் சாக்கில் சுற்றி போர்ட்டர் தூக்கி வந்தார். துரை பங்களாவில்கூட அப்படி ஒன்று கிடையாது. முன்னறையில் கர்த்தர் படத்துக்குக் கீழே அது உட்கார்ந்ததும், அம்மாவின் நடையே மாறிவிட்டது.

காற்றுக் குமிழி விடுகிற சின்ன மெஷின் ஒன்றையும் மாமா கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் கரண்ட் ஏறி இறங்கியதில் அது புகைந்துபோனது. "அழகுக்குத்தானே, போகட்டும்" என்று அம்மா அதை அலமாரிக்கு மேல் போட்டுவிட்டார். மாமா கொடுத்த தீனி தீர்ந்ததும் நான் பாண் ரொட்டியைப் பிய்த்துப் போட்டேன். மீன்கள் தின்றது போக மிச்சம் அடியில் ஊறிப் பஞ்சு பஞ்சாகப் பூத்தது. தண்ணீர் அரிசி கழுவிய கழனி மாதிரி ஆனது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது முன்னறை முழுக்க ஒரு வாடை. ஒரு மீன் வயிறு உப்பி, கண் வெள்ளையாகி, ஓரமாக மிதந்தது. அதன் வாலை இன்னொரு மீன் கொத்திக்கொண்டிருந்தது. நான் பார்த்த இடத்திலேயே வாந்தி எடுத்தேன். அம்மா அதைத் துடைத்துவிட்டு, என்னை விட்டுத் தொட்டியைத்தான் முறைத்தார்.

"அழுக்கு. அதான்" என்று தீர்ப்பு வந்தது.

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் தொட்டி காலி. சவுக்காரமும் தேங்காய்ப் பொச்சும் போட்டுக் கண்ணாடி கீச்சுக் கீச்சென்று கத்தும்வரை தேய்ப்பு. அந்த நேரம் லயத்தில் வயிற்றோட்டம் பரவிக்கொண்டிருந்தது. தோட்டத்து டாக்டரையா ஸ்டாஃப் வீடுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பி, தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கச் சொன்னார். அம்மா அதைக் கேட்டு மீனுக்கும் கொதிக்க வைத்தார். மூடி போட்டு ஆற வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, "இந்தக் குளிருல பச்சத் தண்ணி ஊத்துனா ஜன்னி கண்டுரும்" என்று இளஞ்சூட்டோடு ஊற்றுவார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவம். மலைநாட்டில் பிறந்தவர்களுக்குக் குளிர் என்றால் எல்லாவற்றுக்கும் சுடுதண்ணீர்தான் மருந்து. மீனையும் பிள்ளையாக நினைத்துவிட்டார். இப்படிச் செய்த முதல் இரண்டு வாரத்தில் இரண்டு மீன்கள் செத்தன. எங்கள் வீட்டுச் சுத்தம் யாருக்குச் சோறு போட்டதோ, மீனுக்குப் போடவில்லை.

மிச்சம் ஐந்து. தண்ணீர் மாற்றிய சனிக்கிழமை சாயந்தரங்களில் ஐந்தும் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, திறந்து மூடித் திறந்து மூடி நிற்கும். அப்படி ஒரு சாயந்தரம்தான் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. உபதேசியார் பாட்டை நிறுத்திவிட்டுத் தொட்டியைக் காட்டினார்.

"பாருங்க, பாருங்க. வாயில்லா சீவனும் ஆண்டவரத் துதிக்குது!"

எல்லோரும் எழுந்து போய்ப் பார்த்தார்கள். கை தட்டினார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பாட்டையே இன்னொரு தடவை மீனுக்காகப் பாடினோம். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினேன். அந்த ஐந்தும் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. நாங்கள் தாளம் போட்டோம். கடைக்காரர் பேசும்போது என்னை எழுந்து போகவைத்தது இந்தக் காட்சிதான்.

கூட்டம் கலைந்த பிறகு பாய் சுருட்ட வந்த குடத்துக்காரி தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டார். அவருக்கு அந்த அறையில் நிற்கவே அனுமதி இல்லை.

"பாப்பா, இதுங்க பாடலீங்க. மூச்சு முட்டுதுங்க. சின்னப் புள்ளையில ஓடையில புடிச்ச மீன டப்பாவுல போட்டு வச்சா இப்புடித்தான் வாயப் பொளக்கும். புதுத் தண்ணிய ஒசரத்துல இருந்து சலசலன்னு ஊத்துனா சரியாப் போயிரும்."

மறுநாள் மத்தியானம் அம்மா கண் அயர்ந்திருந்த நேரம், அவர் பீலித் தண்ணீரோடு குசினிப் படியைத் தாண்டி உள்ளே வந்தார். காலை இழுத்து இழுத்து, சத்தம் வராமல். தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு, குடத்தைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, மெல்லிய தாரையாக ஊற்றினார். தண்ணீர் நுரைத்தது. சற்று நேரத்தில் ஐந்து மீன்களும் வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கி, ஒன்றையொன்று துரத்த ஆரம்பித்தன. அடியில் கிடந்த பாண் ஊறலை அவர் கையாலேயே அள்ளி எடுத்தார். கொழுந்து பறித்துப் பறித்துக் கறை ஏறிக் கறுத்திருந்த விரல்கள். அந்த விரல்கள் எங்கள் தண்ணீருக்குள் போனதைப் பார்த்து எனக்கு அருவருப்பாக இருந்தது. பாண் ஊறல் அருவருப்பாக இல்லை, பாருங்கள். அந்த விரல்கள்தான்.

"அம்மாகிட்டச் சொல்லிறாதீங்க பாப்பா" என்றார்.

சொல்லவில்லை. தினமும் மத்தியானம் அரைக் குடம். ஒரு மாதத்துக்கு மேல் ஒரு மீன்கூடச் சாகவில்லை. நிறம் ஏறி, வால் விரிந்து, ஒவ்வொன்றும் செம்பரத்தம்பூ மாதிரி இருந்தது. சனிக்கிழமைகளில் அம்மா வழக்கம்போலக் கொதிக்க வைத்து ஊற்றுவார். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அம்மா படுத்த கையோடு குடத்துக்காரி அரைக் குடத்தை ஊற்றி இறக்கிவிடுவார். டாக்டரையாவின் மனைவி மீன்களைப் பார்த்து விசாரித்தபோது அம்மா சொன்னார்: "எல்லாம் சுத்தந்தாங்க. வேறென்ன?" பக்கத்து அறையில் குடத்துக்காரி தரை துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்திருப்பாரோ என்னவோ, நான் பார்க்கவில்லை.

பிறகு அந்த அட்டைப்பூச்சி வந்தது. கண்ணாடியின் உட்பக்கம் ஒரு நூல்துண்டு போல ஒட்டியிருந்தது. அம்மா அதைத் துடைக்கக் கையை விட்டார். அது அவர் விரலில் ஏறிக்கொண்டது. அம்மா போட்ட சத்தத்தில் அப்பா கந்தோர் லெட்ஜரோடு ஓடி வந்தார். உப்பை வைத்து அதைப் பிடுங்கிப் போட்ட பிறகும் அம்மா விரலைச் சவுக்காரம் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"கொதிக்க வச்ச தண்ணியில அட்டை எப்படி வரும்? யாரோ ஊத்தியிருக்காங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீயா?"

அம்மாவின் கையில் அடி வாங்கியவர்களுக்குத்தான் அந்த 'நீயா' தெரியும். அவரை இன்னொரு தடவை கேட்கவே விடவில்லை நான்.

"நான் இல்லம்மா. குடத்துக்காரிதான். பீலித் தண்ணிய ஊத்துறா. தெனமும் ஊத்துறா."

குடத்துக்காரியை முன்னறைக்குக் கூப்பிட்டார்கள். அம்மா பேசிய எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன். கால் கழுவுகிற தண்ணீர், குண்டி கழுவுகிற தண்ணீர் என்று வேதக்கார வாயில் என்னென்னவோ வந்தது. குடத்துக்காரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, அஞ்சும் உசுரோட இருக்குங்களே. ஒண்ணு செத்திருந்தாலும் நீங்க சொல்லுங்க, நான் போயிர்றேன். ஐயா, இந்தக் காலோட என்னால மேல ஏற முடியாதுங்க ஐயா."

அப்பா பேசியிருக்கலாம். எங்கள் பைப்பும் லயத்துப் பீலியும் ஒரே ஓடையிலிருந்துதான் பிரிகின்றன என்பது அந்த வீட்டில் அவருக்கு மட்டும் தெரியும். பைப்பு வரைபடம் அவருடைய கந்தோர் அலமாரியில்தான் இருந்தது. ஆனால் அவர் மீனுக்கு வாலையும் பாம்புக்குத் தலையையும் காட்டுகிற விலாங்கு. துரையிடம் ஒரு முகம், தொழிலாளியிடம் ஒரு முகம், அம்மாவிடம் முகமே கிடையாது. "சரி, மலை வேலைக்குப் பேர் போடச் சொல்லி கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லிர்றேன்" என்று சொல்லி, ஒரு துண்டுக் கடதாசியில் குடத்துக்காரியின் பேரை எழுதினார். அப்போதுதான் அவருக்கு ஒரு பேர் இருப்பதே எனக்குத் தெரிந்தது. போகும்போது அவர் என்னைப் பார்த்தார். நான் மீன்களை எண்ணுகிற மாதிரி நின்றேன்.

அன்றைக்கே தொட்டி காலியானது. சவுக்காரம், அதன் மேல் கக்கூசுக்கு ஊற்றுகிற மருந்து, அதன் மேல் மறுபடி சவுக்காரம். தண்ணீரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கொதிக்க வைத்தார்கள். ஐந்தையும் உள்ளே விட்ட கொஞ்ச நேரத்தில் ஐந்தும் மேலே வந்துவிட்டன. எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றியிருக்கலாம். அம்மா பார்த்துவிடுவாரோ என்று நான் அதைச் செய்யவில்லை. வியாழக்கிழமை இரண்டு, வெள்ளிக்கிழமை ஒன்று, சனிக்கிழமை மிச்சம் இரண்டு. செவுள் வெளிறி, வாய் திறந்தபடி, உடம்பெல்லாம் சளி மாதிரி வழவழவென்று ஏதோ படிந்து. அம்மா பழைய செய்தித்தாளில் சுற்றி ரோஜாவுக்குக் கீழே புதைத்தார். அடுத்த நாளே நாய் அதைக் கிண்டி எடுத்து இஸ்தோப்பில் கொண்டுவந்து போட்டது.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குடத்துக்காரியைப் பார்த்தேன். மழைத் தூறல். இடுப்பில் சாக்குப் படங்கு, முதுகில் கூடை. மற்ற பெண்கள் மேலே நிரையில் நிற்க, அவர் பாதி ஏற்றத்தில் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கங்காணி மேலேயிருந்து கத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குடத்துக்காரியின் முகம் மலர்ந்தது.

"பாப்பா, மீனெல்லாம் நல்லா இருக்குங்களா?"

நான் வீட்டுக்கு ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். காலித் தொட்டி முன்னறையில் நாறிக்கொண்டிருந்தது. யார் செய்த புண்ணியமோ, அன்று அப்பாவுக்கு வாய் திறந்தது.

"அவ ஊத்துனப்ப ஒண்ணும் சாகலியே. அவ போனப்புறந்தானே எல்லாம் போச்சு. நம்ம பைப்புலயும் அந்த ஓடைத் தண்ணிதான் வருது. அந்தக் காலோட மலையில பாக்கவே முடியல. திருப்பிக் கூப்பிட்டுக்குவமா? இப்பவே கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்புறேன்."

அம்மா உடனே மறுக்கவில்லை. தொட்டிக்குக் கிட்டப் போய் உள்ளே குனிந்து பார்த்தார். அவரும் யோசித்திருக்க வேண்டும். பிறகு என்னைப் பார்த்தார். அடிக்கிற பார்வை இல்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நீதானே கிட்ட நின்னு பாத்த. வெறும் தண்ணிதான் ஊத்துனாளா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். திங்கட்கிழமை காலையில் குடத்துக்காரி எங்கள் குசினிப் படியில் உட்கார்ந்திருப்பார். ஆனால் வெறும் தண்ணீர்தான் என்றால் மீன்கள் யாரால் செத்தன? யார் சொல்லி அவர் போனார்? ஒன்பது வயதில் இவ்வளவு கணக்குப் போட முடியுமா என்று கேட்காதீர்கள். முடியும். கண் மூடித் திறப்பதற்குள் போட்டேன்.

"ஏதோ பொடி மாதிரி கலந்துதாம்மா ஊத்துனா" என்றேன்.

"நான் சொல்லல?" என்றார் அம்மா. அவருக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அப்பா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "அப்ப கணக்கப்பிள்ளைக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

ஞாயிறு என்பதால் கோழிக்கறி. அன்று மத்தியானம் நான் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.